தஞ்சைச் சந்துகளை இடிக்க வேண்டாம் என்றவர்

எம்டன் என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிவிட்டு இருளில் மறைந்த அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல், நகர மக்களை மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடவைத்தது. எதற்கும் அஞ்சாத கெட்டிக்காரரைக் குறிக்கும் சொல்லாக நம் பேச்சிலும் தங்கிவிட்டது. ஆனால், அதே கப்பல் அடுத்த மாதம் செய்த இன்னொரு காரியம் நம் நினைவில் இல்லை. இந்தியப் பெருங்கடலில் அது மூழ்கடித்த 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஒரு கண்காட்சி இருந்தது. உலக நகரங்களின் வரைபடங்களும் ஓவியங்களும் படங்களுமாகப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த அந்தச் செல்வம் முழுவதும் கடலடிக்குப் போயிற்று.

கண்காட்சிக்கு உரியவரான பேட்ரிக் கெடிஸ் வேறு கப்பலில் வந்ததால் பிழைத்தார். அப்போது அவருக்கு வயது 60. வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். கெடிஸோ தாய்நாட்டு நண்பர்களுக்கு எழுதி, இரண்டாவது தொகுப்பு ஒன்றைத் திரட்டி அனுப்பச் செய்தார். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் அந்தக் கண்காட்சி திறக்கப்பட்டது. அவரை அழைத்திருந்தவர் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு.

சென்னைப் பெருநகருக்கு 2026 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம் குறித்த பேச்சு எழும்போதெல்லாம் இந்த மனிதரை நான் நினைத்துக்கொள்கிறேன். பெருநகரத் திட்டங்கள் பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் சாலை, மெட்ரோ, தளப்பரப்புக் குறியீடு ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. நகரத்துக்குள் யார் குடியிருக்கலாம், எந்த வாடகையில், யாருக்குப் பக்கத்து வீட்டில் என்பது நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வரும் பொருளாகவே இருக்கிறது. கெடிஸ் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். அதையும் ஏட்டில் தொடங்கவில்லை. இடிந்துகொண்டிருந்த ஒரு குடியிருப்பில் தாமே குடிபுகுந்து தொடங்கினார்.

அவர் 1854-இல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை படைவீரர். பெர்த் நகரத்துக்கு அருகே குன்றின் மேலிருந்த வீட்டில், தந்தையின் காய்கறித் தோட்டத்தில் வளர்ந்த பையனுக்குச் செடிகொடிகள் மீது பற்று உண்டானதில் வியப்பில்லை. லண்டனில் டார்வினின் தளபதி எனத்தக்க தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879-இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது கண் பார்வை மங்கி, பல வாரங்கள் கட்டிய கண்களோடு இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. பார்வை திரும்பிற்று, ஆனால், நுண்ணோக்கியைக் கட்டிக்கொண்டு வாழும் ஆய்வாளராக இனி இருக்க முடியாது என்றாயிற்று. இருட்டறையில் கிடந்த நாள்களில் சன்னல் கண்ணாடியின் சட்டங்களைக் கைவிரல்களால் தடவித் தடவி, கருத்துகளைக் கட்டங்களில் அடுக்கிச் சிந்திக்கும் ஒரு முறையைக் கண்டார் என்பர். அந்தக் கட்டங்கள் பிற்காலத்தில் அவருடைய மாணவர்களைப் படாதபாடு படுத்தின. நானும் அவற்றில் பாதியைத் தாண்டியதில்லை.

எடின்பரோ நகரத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கோட்டையிலிருந்து இறங்கும் குன்றின் முதுகில் நெருக்கமாக எழுந்தது அதன் பழைய நகரம். இடம் குறைவு, ஆகவே வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. ஒரே படிக்கட்டை ஒட்டிய வெவ்வேறு தளங்களில் பிரபுவும் நீதிபதியும் தையல்காரரும் கூலியாளும் குடியிருந்தார்கள். வசதி படைத்தவர் நடுத்தளங்களில் இருப்பார்; ஏழைகள் உச்சியிலும் தரையிலும் இருப்பார்கள். சமத்துவம் என்று இதற்குப் பெயரிட முடியாது. ஆனால், கிணறு பாழானால் அது எல்லாருக்கும் பாழானது. படிக்கட்டு இடிந்தால் பிரபுவின் காலும் தடுக்கியது.

1767-இல் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு புதிய நகரத்துக்குத் திட்டம் வரையப்பட்டது. நேர் கோடுகள், அகன்ற வீதிகள், ஒரே உயரத்தில் அழகான வீடுகள். வசதி உள்ளவர்கள் அனைவரும் அடுத்தடுத்த தலைமுறைகளில் அங்கே குடிபெயர்ந்தார்கள். பழைய நகரத்தில் எஞ்சியவர்கள் ஏழைகள் மட்டுமே. அவர்களின் வீடுகளைப் பழுதுபார்க்கப் பணமும் இல்லை, குரல் கொடுக்கச் செல்வாக்குள்ள அண்டை வீட்டாரும் இல்லை. 1861-இல் உயரமான குடியிருப்பு ஒன்று நள்ளிரவில் சரிந்து 35 பேர் மாண்டனர். விளைவாக 1867-இல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி பழைய தெருக்களை இடித்துப் புதிய சாலைகள் வெட்டப்பட்டன. இடிபட்ட வீடுகளின் ஏழைகள் எங்கே போயிருப்பார்கள்? எஞ்சியிருந்த பாழ் வீடுகளில் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். நெரிசலை ஒழிக்க வந்த திட்டம் நெரிசலைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளியது.

இந்தப் பழைய நகரத்துக்குத்தான் கெடிஸ் குடிவந்தார். 1886-இல் லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகளான அன்னா மார்ட்டனை மணந்தார். அடுத்த ஆண்டு புதுநகரத்து நல்ல வீட்டை விட்டுவிட்டு, ஜேம்ஸ் கோர்ட் என்ற அழுக்கடைந்த முற்றத்தைச் சூழ்ந்த குடியிருப்பில் மனைவியோடு அமர்ந்தார். உறவினர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே பட்டிருக்கும். இருவரும் துடைப்பமும் சுண்ணாம்பு வாளியும் எடுத்தனர். முதலில் தங்கள் படிக்கட்டு, பிறகு முற்றம், பிறகு சன்னல்களில் பூந்தொட்டிகள். அண்டை வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சேர்ந்துகொண்டார்கள். இடிக்கும் நிலையிலிருந்த வீடுகளைக் கடன் வாங்கி வாங்கினார். எது உறுதியாக இருக்கிறதோ அதை நிறுத்தி, எது மக்கிவிட்டதோ அதை மட்டும் நீக்கி, நடுவே காற்றும் வெளிச்சமும் வரத் திறந்தார். இப்படிச் சீரமைத்த வீடுகளில் தொழிலாளர் குடும்பங்களோடு மாணவர்களையும் பேராசிரியர்களையும் கலைஞர்களையும் குடியமர்த்த முயன்றார். 1887-இல் அவர் தொடங்கிய மாணவர் இல்லம், மாணவர்களே நிர்வகித்த முதல் ஸ்காட்லாந்து விடுதி. பிரிந்துபோன வகுப்புகளைத் திரும்ப ஒரே படிக்கட்டுக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய நோக்கம்.

இதில் அன்னாவின் பங்கைக் குறைத்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வாடகைக் கணக்கும் கடன் கணக்கும் பார்த்தவர் அவர். கெடிஸுக்குக் கணக்கு வராது. 1896 அளவில் கடன்கள் கைமீறிப் போனபோது, நண்பர்கள் ஒரு சங்கத்தை நிறுவிச் சொத்துகளை அதன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கோட்டைக்கு அருகே 1890-களில் அவர் எழுப்பிய ராம்சே கார்டன் என்ற அழகிய குடியிருப்பு, கற்றவர்களைப் பழைய நகரத்துக்கு ஈர்ப்பதற்காகக் கட்டப்பட்டது. இன்று எடின்பரோவின் மிக விலையுயர்ந்த முகவரிகளில் அதுவும் ஒன்று. சீரமைப்பு வெற்றி பெற்றால் விலை ஏறும். விலை ஏறினால் யாருக்காகச் சீரமைத்தோமோ அவர்களே வெளியேறுவார்கள். மனையின் மீதோ வாடகையின் மீதோ நிலையான கட்டுப்பாடு இல்லாவிட்டால், அன்பும் சுண்ணாம்பும் மட்டும் ஏழையை அவன் தெருவில் நிறுத்திவைக்கப் போதாது. கெடிஸின் சிந்தனையில் இருந்த பெரிய ஓட்டை இது என்பது என் எண்ணம்.

இத்தனைக்கும் நடுவே அவருடைய சம்பளம் தாவரவியலிலிருந்துதான் வந்தது. 1888 முதல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர். ஆண்டில் கோடைப் பருவம் மட்டும் பாடம். மற்ற மாதங்கள் நகரங்களுக்கு. 1904-இல் டன்ஃபர்ம்லின் நகரத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவருடைய புகழ்பெற்ற நகரவியல் நூல் 1915-இல் வெளிவந்தபோது அவர் நம் ஊர்களின் தெருக்களில் நடந்துகொண்டிருந்தார்.

நடந்துகொண்டிருந்தார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அக்கால நகர மேம்பாட்டு அதிகாரிகள் அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்துக் கோடு இழுப்பார்கள். கெடிஸ் விடியலில் தொடங்கிச் சந்து சந்தாகப் போவார். எந்தக் கிணற்றில் நீர் இருக்கிறது, எந்த மரத்தடியில் ஆள்கள் உட்காருகிறார்கள், எந்த வீட்டின் சுவர் உறுதி, எந்த மனை வெறுமையாகக் குப்பை சுமக்கிறது, சிறு கோயில் எங்கே என எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். நோயறியாமல் மருந்து கொடுப்பது மருத்துவத்தில் குற்றமென்றால், ஊரறியாமல் தெரு வெட்டுவதும் குற்றமே என்பது அவர் வாதம்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு அவர் கொடுத்த யோசனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெரிசலைக் குறைக்கவென்று அங்கே முன்பே ஒரு திட்டம் தயாராக இருந்தது. குடியிருப்பின் ஊடே நேரான புதிய தெருக்களை வெட்டுவது. குறுக்கே வரும் வீடுகளை, நல்லவையோ கெட்டவையோ, இடிப்பது. கெடிஸ் நடந்து பார்த்துவிட்டு அந்தத் தெருக்களே தேவையில்லை என்றார். இருக்கும் சந்துகள் போக்குவரத்துக்குப் போதும். பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கும் மனைகளோடு சேர்த்தால் ஆங்காங்கே சிறு திடல்கள் கிடைக்கும்; ஒரு மரம் நடலாம், குழந்தைகள் விளையாடலாம், ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று வரும். செலவும் முந்தைய மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கே. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கையில் புண் வந்தால் கையையே வெட்டாமல் புண்ணை மட்டும் நீக்கும் அறுவை மருத்துவரின் முறையை ஒப்பிட்டு, இதற்கு உறுப்பைக் காக்கும் அறுவைச் சிகிச்சை என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார்.

கொசுவை ஒழிக்கக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் சொன்ன காலத்தில், குளத்தில் மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், அவை புழுக்களைத் தின்றுவிடும் என்று எழுதியவரும் அவரே. அன்று தூர்க்கப்பட்ட குளங்களின் கணக்கை இன்று ஒவ்வொரு மழைக்காலமும் நமக்கு நினைவூட்டுகிறது. கோயில் நகரங்களின் தேர் வீதிகளை அவர் வியந்து எழுதினார். பல நூறு பேர் வடம் பிடித்து இழுக்கும் தேர் திரும்புவதற்கேற்ற அகலத்தில் தெருவை அமைத்தவர்கள் நகரமைப்பு தெரியாதவர்கள் அல்லர் என்பதை மேலைநாட்டுப் பொறியாளர்களுக்கு அவர் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால், இங்கே எனக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. எடின்பரோவில் பிரிந்துபோன வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் சேர்க்கத் தம் சொத்தையே அடகு வைத்தவர், தமிழ்நாட்டு ஊரின் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததைக் கண்டு அதே அளவு கலங்கவில்லை. தேர் போகும் வீதியின் அழகு அவர் கண்ணில் பட்டது. அந்தத் தேர் போகாத சேரியின் தூரம் அந்த அளவுக்குப் படவில்லை. கலந்து வாழும் குடியிருப்பு என்று மேலைநாடுகளில் பேசும்போது வருமானத்தைக் கலப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் ஊரில் வீடு தேடும் எவருக்கும் தெரியும், வாடகை எவ்வளவு என்பதற்கு முன்பே என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்வி வந்துவிடும். அதன் பொருள் தரகருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

சென்னை மாகாணத்துக்குப் பிறகு லாகூர், லக்னோ, டாக்கா, பரோடா என்று அவர் பயணம் நீண்டது. 1917 அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் அலாஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தான். செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் கடும் காய்ச்சலில் கிடந்தார். மனைவி தாங்கமாட்டார் என்றெண்ணிக் கெடிஸ் அந்தச் செய்தியைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஜூன் மாதம் அன்னாவும் காலமானார். மகன் இறந்தது தெரியாமலே.

அடுத்த ஆண்டு வெளிவந்த இந்தூர் அறிக்கை இரண்டு பெரும் தொகுதிகள். அவருடைய இந்தியப் பணியின் சிகரம் என்று அதைச் சொல்லலாம். இந்தூரில் பிளேக் பரவியிருந்தது. வீடுகளைச் சோதிக்க வரும் அதிகாரிகளுக்கு மக்கள் அஞ்சினார்கள். எந்த வீட்டை இடிப்பார்களோ என்று கெடிஸைக் கண்டும் அஞ்சினார்கள். அவர் மன்னரிடம் ஒரு நாளுக்கு அதிகாரத்தைக் கேட்டு வாங்கினார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது, எந்தத் தெருக்கள் மிகத் தூய்மையாக இருக்கின்றனவோ அவற்றின் வழியே போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது; சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. ஊர்வலத்தில் பிளேக் அரக்கனின் உருவத்தோடு ஒரு பெரிய எலி பொம்மையும் சென்றது. ஜேம்ஸ் கோர்ட் முற்றத்தில் அவரும் அன்னாவும் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததுதான் இது. அளவு மட்டும் பெரிது.

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் நகரவியலும் கற்பிக்கும் துறைக்கு முதல் பேராசிரியரானார். ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாகூரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1925-இல் டெல் அவிவ் நகரத்துக்கு ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார். அவர் சொன்னதில் ஓரளவேனும் கட்டப்பட்டது அந்த நகரத்தில்தான். நம் நாட்டில் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை கோப்பறைகளுக்கே போயின. குறை அதிகாரிகளுடையது மட்டுமன்று. தாடிக்குள் முணுமுணுக்கும் அவர் பேச்சு மூன்றாம் வரிசைக்குக் கேட்காது; எழுத்தோ வேலியில்லாத தோட்டம்.

கடைசி ஆண்டுகளைப் பிரான்ஸின் மோன்பெலியேயில் தாமே அமைத்த கல்லூரியில் கழித்தார். 1932 தொடக்கத்தில் 'சர்' பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இறந்தார்.

அவருடைய இந்திய அறிக்கைகளின் பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் என்ற பெண்மணி தொகுத்து 1947-இல் லண்டனில் வெளியிட்டார். கெடிஸைப் படித்து வளர்ந்த தலைமுறையில் ஜான் டர்னர் என்ற இளம் கட்டடக்கலைஞரும் ஒருவர். 1950-களில் பெரு நாட்டுக்குப் போன டர்னர், அங்கே ஏழைகள் தாங்களாகவே சிறிது சிறிதாக வீடு எழுப்பிக்கொள்வதைக் கண்டார். மனை உறுதியாகக் கையில் இருந்து, குடிநீரும் சாக்கடையும் சாலையும் அரசு கொடுத்துவிட்டால், வீட்டைக் குடும்பமே கட்டிக்கொள்ளும் என்று வாதாடினார். அந்தக் கருத்து உலக வங்கியின் வழியே, சுற்றி வளைத்து, மீண்டும் சென்னைக்கே வந்தது. 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அடிப்படை வசதிகளோடு மனைகள் பிரிக்கப்பட்டன. வேண்டுமென்றே பல அளவுகளில் பிரித்தார்கள். பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தால் சிறிய மனைகளை ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். ஓட்டு வீடும் மாடி வீடும் ஒரே தெருவில் எழுந்தன. நம் நகரமைப்பு வரலாற்றில் இவ்வளவு அமைதியாக வெற்றி பெற்ற முயற்சியை நாம் ஏன் கைவிட்டோம் என்பது எனக்கு விளங்கியதேயில்லை.

1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியமும் தன் தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் காற்று திசைமாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என நகரத்தின் தென்கோடியில் ஏழைகளுக்கு மட்டுமேயான பெருங்குடியிருப்புகள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பழைய குடியிருப்புகளை அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்யும் வேலையும் நடக்கிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். புதிய முழுமைத் திட்டம் அந்த வழியை விதியாக்க வேண்டும். கூடவே நகரத்துக்குள் கைவசமுள்ள அரசு நிலங்களில் பல அளவு மனைகள் கொண்ட கலப்புக் குடியிருப்புகளுக்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். வேலைக்கு வரும் தனியாள்களுக்கான வாடகை விடுதிகளும் அதில் சேர வேண்டும். எந்தத் தெருவை அகற்றுவதற்கு முன்பும் அந்தத் தெருவில் நடந்து எடுத்த கணக்கெடுப்பு ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

கெடிஸின் கண்காட்சி நடந்த செனட் மாளிகை இன்றும் மெரினாவில் நிற்கிறது. அங்கிருந்து கூவத்தின் முகத்துவாரம் நடை தூரம். அந்த ஆற்றங்கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை 2019-ஆம் ஆண்டின் இறுதியிலும் அதன் பிறகும் அகற்றினார்கள். பெரும்பாலான குடும்பங்கள் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கல்வியாண்டு பாதியில் இருந்தது. பிள்ளைகளின் பள்ளியும் பெற்றோரின் வேலையும் பழைய இடத்திலேயே இருந்தன.